ஜீப் நின்ற வாசல்

பசி இல்லை. ஆனாலும் இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னாள்.

அன்னத்தாய் வைத்தாள். எடுத்து அடுக்கிய இட்லி ஈடு அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த நேரத்துக்குத் தூக்குச்சட்டியும் கையுமாகத் தெருவே அவள் வாசலில் முண்டியடிக்கும்.

இன்று பெஞ்சில் ஒரே ஒருத்தி.

அவளை ஊரில் எல்லோருக்கும் தெரியும். எச்.ஐ.வி. வந்தவர்களுக்காக அமைப்பு நடத்துகிறவள். முதுகுக்குப் பின்னால் எய்ட்ஸ் அக்கா என்றுதான் பேர். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது என்று மைக் பிடித்துப் பேசியே தொண்டை கெட்டுப்போனவள். பேச்சு போதும் என்று, இன்று சாப்பிட்டுக் காட்டவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

தெரு பார்த்தது. பார்த்ததோடு சரி.

எல்லாம் அந்த ஜீப்பால் வந்த வினை.

அமைப்புக்கு யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்த ஜீப். இரண்டு பக்கமும் எய்ட்ஸ் சின்னமான சிவப்பு ரிப்பன் படம், அடுத்த ஊருக்கே தெரிகிற அளவில். அது நிற்கிற வாசலுக்கு வேறு நோட்டீஸ் ஒட்ட வேண்டாம். அதனால் எந்தத் தெருவுக்குள்ளும் ஜீப் நுழையக் கூடாது என்று அவளே சட்டம் போட்டிருந்தாள். ரேஷன் கடையோடு நிறுத்திவிட்டு, அமைப்பு ஆள் சேலை விற்கிறவள் மாதிரி பையோடு நடந்து போக வேண்டும். மீறிய டிரைவர் ஒருவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறாள்.

சட்டங்கள் இன்னும் உண்டு. மாத்திரைக்கு வருகிறவர்களை வெளியில் பார்த்தால் தெரிந்தவர் போலச் சிரிக்கக் கூடாது. ஒரே தெருக்காரர்களை மாத்திரைக்கு ஒரே நாளில் வரச் சொல்லக் கூடாது.

இந்தத் தெருவில் இரண்டு பேர். அன்னத்தாய்க்குச் செவ்வாய்க்கிழமை. இன்னொருத்திக்கு வெள்ளிக்கிழமை. ஒருத்திக்கு இருப்பது மற்றவளுக்குத் தெரியாது.

போன வாரம் அன்னத்தாயின் மகள் போனில் அழுதாள். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, கூப்பிட்ட ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. ஜீப் பறந்தது. ரேஷன் கடை வந்ததும் டிரைவர் வழக்கம்போல் பிரேக் போட்டான்.

"உள்ள விடுப்பா."

"அக்கா..."

"விடுங்கிறேன்ல."

பட்டப்பகலில் அன்னத்தாயின் வாசலில் ஜீப் நின்றது. கொஞ்சம் பிந்தியிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றார் டாக்டர். உயிர் பிழைத்தது. அந்த உயிருக்கும் அதன் மகளுக்கும் சோறு போடுவது இந்த இட்லிதான் என்று அன்றைக்கு நினைத்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

எதிர்ப்பக்கம் கரகரவென்று சத்தம்.

எதிர்வீட்டுச் செண்பகவல்லி. தலையைக் குனிந்தபடி, துடைப்பத்தால் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டே தெருவைக் கடந்து வந்தாள். முன்பு சட்னி வாங்கிப் போன அன்னத்தாயின் கிண்ணம். அதைக் கையால் தொடவில்லை.

"பிள்ளைக இருக்கிற வீடு. ஒன் ஏனத்த நீயே வச்சுக்க."

தெருவுக்கே கேட்கட்டும் என்றுதான் கத்தினாள். கத்திவிட்டுத்தான் நிமிர்ந்தாள். பெஞ்சில் இருப்பவளைப் பார்த்தாள்.

துடைப்பம் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

வெள்ளிக்கிழமைக்காரி.

மாதாமாதம் முக்காடு போட்டு வந்து, மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவள். போன வெள்ளி வரவில்லை. ஜீப்பைப் பார்த்த பிறகு அவள் எப்படி வருவாள்?

ஓங்கி ஒரு அறை விடலாம் போலப் பெஞ்சில் இருந்தவளுக்கு ஆத்திரம் வந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். ஒரு வார்த்தை போதும், கிண்ணத்தைத் தள்ளிய துடைப்பம் தள்ளியவள் பக்கமே திரும்பிவிடும். செண்பகவல்லியின் கண்ணில் வீம்பு இல்லை. அக்கா, அக்கா என்று அது கெஞ்சிக்கொண்டிருந்தது.

அவள் யாரோ எவளோ என்பது போல அக்கா தட்டில் குனிந்துகொண்டாள்.

எதிர்வீட்டுக் கதவு சாத்தித் தாழ் விழுந்தது.

அன்னத்தாய் கிண்ணத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அவ மூத்தவனுக்கு மொதல்ல இட்லி ஊட்டுனது நாந்தேன்க்கா."

அவள் தட்டில் இருந்த இட்லியைப் பிட்டாள்.

"இந்தச் சீக்கு அவளுக்கும் வரணும். அப்பத்தேன் தெரியும்."



"அப்படிச் சொல்லாத தாயி."

"ஏன் சொல்லக் கூடாது? அவளப் பத்தி ஒங்களுக்கு என்னக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது தாயி."

அன்னத்தாய் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சாம்பாரை ஊற்றினாள். சூடாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. சாப்பிட்டவளுக்கு அழுகை வந்தது. எல்லோரும் பார்ப்பதால் மென்றுகொண்டே இருந்தாள்.

நாளை வெள்ளிக்கிழமை. செண்பகவல்லி நாளைக்கும் வர மாட்டாள். அவள் வீட்டில் மாத்திரை தீர்ந்திருக்கும்.

யாராவது ஒருத்தர் மாத்திரையோடு, இத்தனை கண்ணும் பார்க்க, இந்தத் தெருவுக்குள் நடந்து வந்து, அந்த எதிர்வாசலில் நின்று, கதவைத் தட்ட வேண்டும்.