இளகின ஸ்பிரிங்

"இது நாப்பத்திரண்டு கிலோதான் காட்டுது. புதுக் கேம் ஷாஃப்டுக்குப் போயி இதையா—"

"கையை எடு புள்ளே. இது போதும்—"

"எதுக்குப் போதும்? மாவாட்டறதுக்கா?"

அவர் ஸ்பிரிங்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

ட்ரில்லிங் மெஷினுக்கு அடியில் ஆள் எடை பார்க்கும் மெஷின். அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, வால்வ் முழுதாகத் திறக்கும் அளவுக்குக் கைப்பிடியால் அமுக்குவது அவர் வேலை. முள் நிற்கும் எண்ணைப் படிப்பது அவள் வேலை. கல்யாணமான நாள்முதல் பட்டறையில் அப்படித்தான்.

மேசைமேல் இரண்டு ஜோடி. ஒன்று இளகினது. மற்றது அறுபத்தைந்து கிலோ தாங்குவது.

இன்ஜின் வால்வைத் திறக்கும் அந்தக் கேம் தண்டு ரேஸுக்கென்றே கடைந்தது. வால்வை உயரத் தூக்கி, படக்கென்று விடும். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால்தான் வால்வ் நேரத்துக்குத் திரும்பி வந்து மூடும்.

இது அவளுக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை பழைய பைக்குகளுக்கான பந்தயம். மகள் தாரணி ஓட்டுகிறாள். வண்டிக்கு அவளைப்போல இரண்டு பங்கு வயது.

"நேர் ரோட்டுல எல்லாரும் அவளைத் தாண்டிட்டுப் போவாங்க. கைகொட்டிச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"ஏனுங், ஆறு மாசமா அவ—"

"சிரிக்கட்டும்னு சொல்றனல்ல."

குரல் உயரவில்லை. அதுதான் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

தெரியாமல் எடுத்ததில்லை. தெரிந்தேதான் எடுத்திருக்கிறார்.

"ஓட்டாதேன்னு அவகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னாக் கேக்கறவளா? அண்ணன் விட்ட எடத்துல இருந்து புடிக்கோணுமாமா."

"அதுக்கு வண்டியை ஊமையாக்குவீங்களா?"

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் ஒன்றுமில்லை.

இரண்டு வருஷமாகிறது. இதே டிராக்கில், ஓடிக்கொண்டிருக்கும்போதே மூத்தவன் முகிலனின் இன்ஜின் இறுகிப்போனது. பின்சக்கரம் நின்றது. அவன் நிற்கவில்லை; தூக்கியெறியப்பட்டவன் பிழைக்கவில்லை.

ஆயில் ஏறவில்லை என்று அவர்தான் சொன்னார். இன்ஜினைப் பிரித்ததும் அவர்தான், கதவைச் சாத்திக்கொண்டு. அவள் அப்போது பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"வால்வ் திரும்பறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்துட்டா?"

"வராது."

"வந்து இடிச்சா? இன்ஜின் இறுகிராதா?"

"வராதுங்கறேன். நிமிஷத்துக்கு அஞ்சாயிரத்தி அறுநூறு சுத்துலயே வண்டி மூச்சு வாங்க ஆரம்பிச்சுரும். வால்வ் மூட நேரம் இல்லாம மிதக்கும். தகரத்தைத் தட்டற மாதிரி ஒரு சத்தம் வரும். அதுக்கு மேல எத்தனை முறுக்குனாலும் போகாது. சத்தம் கேட்டதும் முறுக்குன கையை விட்டுட்டா ஒண்ணும் ஆகாது. தோத்துட்டு வூட்டுக்கு வந்துருவா."

இத்தனை நீளமாக அவர் பேசி வெகுநாளாயிற்று.

"கையை விடலீன்னா?"

"விட்டுருவா. இவ நிதானமானவ."

இவ.

அந்தச் சொல் அவள் காதிலேயே நின்றது.

வெளியே ஏதோ லாரி பின்னால் நகரும் பீப் சத்தம்.

எத்தனை சுற்றில் மூச்சு வாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்காது. என்ன சத்தம் வரும் என்றும் போட்டிருக்காது. ஓடவிட்டுக் கேட்டவனுக்குத்தான் தெரியும்.

இந்தக் கேமை இந்த ஸ்பிரிங்கோடு எந்த வண்டியில் ஓடவிட்டார்?

இப்படிக் கடைந்த கேமை அவர் இதற்குமுன் மாட்டியது ஒரே ஒரு இன்ஜினில்தான், இரண்டு வருஷத்துக்கு முன். அந்த வாரம் அவள் தன் தங்கச்சியின் ஊருக்குப் போயிருந்தாள். எண்ணைப் படிக்க ஆளில்லை.

அவர் ஸ்பிரிங்கை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவள் பார்த்ததும் அதைக் கைக்குள் மறைத்துக்கொண்டார்.

பயந்தவன் கைதான். பிள்ளையைக் கொல்ல நினைத்த கை இல்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டி ஜோடியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"முகிலன் கையை விடலீங்களா, மாமா?"