நடுவில் நிற்பவள்

"என் பொண்ணு முகம் எந்த ஃபோட்டோவுலயும் வரக் கூடாது மிஸ்" என்றாள் அந்தத் தாய். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வாசலில் அவள் வந்த வாடகைக் கார் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

"சும்மா வகுப்பு ஃபோட்டோதாங்க. ஸ்கூல் பேஜ்ல போடுவோம், அவ்வளவுதான்" என்றாள் வகுப்பாசிரியை.

"அதைத்தான் வேண்டாங்கறேன். பெத்தவங்க சம்மதம் இல்லாம போடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க? எனக்குச் சம்மதம் இல்லை." சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே காரில் ஏறிப் போய்விட்டாள்.

ஆசிரியர் அறையில் வகுப்பாசிரியை அதை நடித்தே காட்டினாள். "மகாராணிக்கு வாசல்ல ரதம் காத்துக்கிட்டு நிக்குது! இவ பொண்ணு முகத்தைப் பார்த்தா ஊருக்கே கண்ணு அவிஞ்சுடுமாம்."

"என்னை ஒட்டுத்துணி இல்லாம குப்புறப் போட்டு எடுத்த படம் இன்னும் எங்கம்மா வீட்டு ஹால்ல தொங்குது. நான் யார் மேல கேஸ் போடறது?" என்றாள் கணக்கு டீச்சர்.

"நீங்க எதுக்குப் போடணும்? வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்கல்ல போடணும்!"

சிரித்துச் சிரித்து இருவருக்கும் புரையேறியது.

நடு வருஷத்தில் வந்து சேர்ந்த அந்தப் பெண்ணும் தாய்க்குச் சளைத்தவள் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிட்டதுபோல உட்கார்ந்திருப்பாள். பக்கத்துப் பிள்ளை இடித்தால்தான் திடுக்கிட்டு எழுந்திருப்பாள். திமிர் என்று வகுப்பாசிரியை எப்போதோ தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஆனால் ஓட்டப் பந்தயக் கேடயம் வகுப்புக்குக் கிடைத்தது அவளால்தான். படம் எடுக்கிற அன்று பிள்ளைகள் வரிசையாக நிற்க, அவள் மட்டும் தண்ணீர்க் குழாய் அருகே ஒதுங்கி நின்றாள்.

"கேடயம் வாங்கின பாப்பா இல்லாம படமா? மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் பண்ற மாதிரில்ல இருக்கு!" என்றார் ஸ்டுடியோக்காரர்.

வகுப்பாசிரியைக்கு இரக்கம் பிறந்தது. அவளுக்கு இரக்கம் பிறந்தால், அடுத்தவர் சொன்ன வார்த்தைக்கு ஆயுசு முடிந்தது என்று அர்த்தம்.

"வா கண்ணு, நடுவுல வந்து நில்லு."

"வேண்டாம் மிஸ். அம்மா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

வந்து நின்றவள் கேடயத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். வகுப்பாசிரியை அதை மார்புக்கு இறக்கி, தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தினாள். "எங்க, சிரி பார்ப்போம்!"

சாயங்காலமே பள்ளியின் பெயரோடு படம் ஸ்கூல் பேஜில் ஏறியது. லைக்குகள் குவிந்தன. அம்மாவிடம் பேச வேண்டும் என்பது மட்டும் வகுப்பாசிரியைக்கு மறந்துபோயிற்று. "பார்த்தீங்களா? வானமா இடிஞ்சு விழுந்துடுச்சு?" என்று கணக்கு டீச்சரிடம் கேட்டாள்.

மறுநாள் பள்ளி விடுவதற்குச் சற்று முன் ஒருவர் அவளைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பெரிய சாக்லேட் பெட்டி. "இந்த ஃபோட்டோ போட்டது நீங்கதானா மிஸ்?" என்று கைப்பேசியை நீட்டினார்.

"ஆமா... ஏதாவது புகாருங்களா?"

"புகாரா! உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். எத்தனை மாசமாத் தவிச்சேன் தெரியுமா, இப்படி ஒரு படம் கண்ணுல படாதான்னு!"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெற்றவர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! கணக்கு டீச்சர் பக்கம் ஒரு வெற்றிப் பார்வை வீசிவிட்டுக் கேட்டாள். "நீங்க யாரோட அப்பா சார்?"

அவர் நடுவில் நின்ற முகத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார்.

"இவ அம்மா இங்க இவளுக்கு என்ன பேரு வெச்சிருக்கா, மிஸ்?"