சுண்டனின் அடுத்த மொழி

கணினிக் கூடத்து எலி சுண்டனுக்கு சி மொழியில் நிரல் எழுதத் தெரியும். அடுத்து எதைக் கற்பது என்பதுதான் ஓயாத கவலை.

"பைத்தான் சுலபம், ஜாவாவுக்கு மதிப்பு, ரஸ்ட்டுக்கு வேகம்…" என்று பல்லி செங்காவிடம் அலசிக்கொண்டே இருந்தான்.

"பூனை வந்தா மணி அடிக்கணும். அதுக்கு எதுடா வேணும்?"

"அதுக்கு சி-யே போதும்க்கா. ஆனா…"

சொல்லி முடிப்பதற்குள் பூனை பாய்ந்தது. செங்கா தன் வாலை உதறி அதன் முன்னே துள்ளவிட்டாள். பூனை வாலைத் துரத்த, சுண்டன் பிழைத்தான்.

வாலில்லாத அக்காவைப் பார்த்தவன், கீபோர்டில் ஏறி உட்கார்ந்து சி-யிலேயே மணிக்கான நிரலை எழுதத் தொடங்கினான்.

மறுநாள் பூனை வாசலில் தலைகாட்டியதுமே மணி கணகணத்தது. பூனை மிரண்டு ஓடியது.

"இப்ப சாவகாசமா சொல்லு," செங்கா அவனருகே ஊர்ந்து வந்தாள். "அந்த ரஸ்ட் எப்படி இருக்குமாம்?"