கட்டத்துக்கு வெளியே

காலையிலிருந்து சுண்ணாம்பு அள்ளி மைதானத்தில் கோடு போட்டதில் மாடசாமிக்கு விரல் வெடிப்பெல்லாம் எரிந்தது. பேஸ்பாலில் மட்டை பிடிப்பவர் நிற்கும் கட்டத்துக்கு வெளியே கால் ஊன்றி அடித்தால் அவுட். அவர் மகள் தமயந்தி அடித்த பந்து மதிலைத் தாண்டிவிட்டது. மாநில அணிக்குப் போக அந்த ஒரு அடி போதும். ஆனால் கால் வெளியே என்று எதிரணி கத்தியது. புழுதியில் கோடு அழிந்திருந்தது.

"அண்ணே, கோடு போட்டது நீங்கதான? கால் உள்ளயா, வெளியயா?" என்றார் நடுவர்.

"பெத்த அப்பன் வேற என்னத்தச் சொல்லுவான்?" என்று எதிரணிப் பயிற்சியாளர் சிரித்தார்.

"வெளியதாங்க" என்றார் மாடசாமி.

தமயந்தி மட்டையைக் கீழே போட்டாள். "நீ பந்தைத்தானப்பா பாத்துக்கிட்டு நின்ன?"

பந்தைத்தான் பார்த்தார். மகளுக்கு ஒரு ரன் கடன்பட்டிருக்கிறார், இன்றுவரை.