ரிப்பன் முடிச்சு

"அந்தக் காதோட பள்ளிக்கூடத்துக்கு வராதம்மா" என்று சிணுங்கிய மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகுதான், தண்டட்டி போட்டுத் தோள்வரை தொங்கிய காதுகளை நுவரெலியாவுக்குப் போய் வெட்டித் தைத்துக்கொண்டாள் சண்முகவடிவு.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் இப்போது அவள் மட்டும்தான். காதுக் கட்டு மாற்றத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம், பழைய கட்டு இருந்த இடத்தில் ஏற்கெனவே புதுக்கட்டு இருந்தது.

"யாரும்மா இந்தப் பூ முடிச்சுப் போட்டது?" என்றார் மருந்து கட்டும் டிஸ்பென்சர்.

"தெரியலீங்க. காலையில எந்திரிச்சா இப்படி இருக்கு. எம் மவ ரிப்பனை இப்படித்தாங்க கட்டுவா."

அவர் முடிச்சை அவிழ்த்துப் புண்ணைத் துடைத்தார்.

கடைசி நாளில் தையலைப் பிரித்துவிட்டு, "நல்லா ஆறிப்போச்சு, இனிமே கட்டே வேணாம்" என்றார்.

சண்முகவடிவு எழுந்திருக்கவில்லை.

"ஆறாம இருக்க ஏதாச்சும் மருந்து இருக்குங்களாய்யா?"