அந்த ஒரு வரி

நாற்காலியில் அந்தத் திருநங்கையர் வீட்டுக்கு மூத்தவள் சுல்தானா அம்மா; சுவரோரப் பாயில் ஈரல் கெட்டு வயிறு ஊதிய மேகலா; எதிரே மதுக்கம்பெனி அதிகாரி; நடுவில் கடிதம் எழுதும் பிருந்தா. திருநங்கையர் ஊர்வலத்தின் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. நன்றிக் கடிதத்தில் பிருந்தா ஒரு வரி சேர்த்திருந்தாள்: ஊர்வலத்தில் மது கொடுக்கக் கூடாது.

அதிகாரி சிரித்தார். "அந்த வரி இருந்தா ஊர்வலமே இல்லீங்க."

"அடிச்சிடுடி," என்றாள் மேகலா. "ஊர்ல நம்மள மனுசியா உள்ள விட்டது அவங்க கம்பெனி பார் மட்டுந்தான்."

"உன்னப் படுக்க வச்சதும் அதுதானேக்கா?" என்றாள் பிருந்தா.

"இருக்கட்டும். பொண்ணுங்க ஒரு நாளாவது தலைநிமிர்ந்து நடக்கட்டும்."

அம்மா புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். அந்த வரி இல்லாமல் பிருந்தா மறுபடி எழுதினாள். மேகலா வறண்ட நாக்கால் உறையை நனைத்து ஒட்டிக் கொடுத்தாள். வாசலில் ஊர்வலத்துக்கு ஆடிப் பழகிக்கொண்டிருந்த இளையவர்களை எண்ணுவதுபோல் நிதானமாகப் பார்த்தபடி, அதிகாரி அதை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.