இரண்டு வாக்குமூலங்கள்

"நான்தாங்க கொன்னேன்" என்று சவுரியம்மாள் சொன்னதும் சப்-இன்ஸ்பெக்டர் பச்சையப்பன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்று காலையில்தான் அவளுடைய அண்ணன் தேவசகாயம் இதையே சொல்லிக் கைநாட்டும் வைத்திருந்தான். இப்போது அவன் ஆம்பூர் ஸ்டேஷன் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான்.

செத்தவன் சவுரியம்மாளின் புருஷன் சின்னப்பன். அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு ஓடிவந்தவளை இழுத்துப் போகிறேன் என்று முந்தின நாள் சாயங்காலம் குடித்துவிட்டு வந்து தெருவையே கூட்டினான். விடிந்தபோது வீட்டுக்குப் பின்னால் இருந்த, தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியில் மிதந்தான். நெற்றியில் ஒரு காயம் இருந்தது.

தோல் புரட்டும் கழியால் மண்டையில் அடித்தேன், அடித்த அடியில் கழியே முறிந்தது என்பது தேவசகாயத்தின் வாக்குமூலம். அந்த நேரம் தங்கை கோயிலுக்குப் போயிருந்தாளாம். தோல் சீவும் கத்தியால் வெட்டினேன் என்பது சவுரியம்மாளின் வாக்குமூலம். அந்த நேரம் அண்ணன் கடைத்தெருவுக்குப் போயிருந்தானாம்.

போலீஸ் போய்ப் பார்த்ததில், கழி முறியாமல் முழுசாகச் சுவரில் சாய்ந்திருந்தது. கத்தியில் ரத்தம் இருந்தது. ஆனால் தோல் ஷாப்பில் ரத்தம் படாத கத்திக்கு எங்கே போவது? அதைப் பட்டணத்துக்குச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பச்சையப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் அவர்களைப் பெற்றவள் அன்னம்மாள் வந்தாள். தோலிலிருந்து வழித்த ரோமத்தைக் கழுவிக் காயவைப்பது அவளுக்கு வேலை. பிள்ளைகள் இருவரும் பொய் சொல்கிறார்கள், மருமகனைத் தொட்டியில் தள்ளிவிட்டது தான்தான் என்றாள்.

பச்சையப்பனுக்கு மனம் இளகிவிட்டது. இந்த உத்தியோகத்தில் அவர் எத்தனையோ தாய்மார்களைப் பார்த்தவர். கான்ஸ்டபிளை அனுப்பி அவளுக்கு ஒரு சோடா வாங்கிவரச் செய்தார்.

"பெத்த வயிறு, கேக்காதுதான். அதுக்காக வீட்ல இருக்கிறவங்க எல்லாம் வந்து ஒத்துக்கினா நான் யாரைம்மா புடிக்கிறது? போய் ஒரு நல்ல வக்கீலைப் பாரு."

அவள் அடுத்த நாளும் வந்தாள். வாசலில் நின்ற சென்ட்ரி உள்ளே விடவில்லை. வேலூர் செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு நடந்தபோது நடுவில் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டவாலிச் சேவகன் அதட்டி உட்காரவைத்தான். கூண்டில் நின்ற இரண்டு பேரும் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வழக்கு நிற்கவில்லை. கத்தியில் இருந்தது ஆட்டு ரத்தம் என்று பட்டணத்திலிருந்து பதில் வந்திருந்தது. உடம்பில் வெட்டும் இல்லை, மண்டையில் அடியும் இல்லை என்றார் டாக்டர். நெற்றிக் காயம் தொட்டியின் செங்கல்லில் உரசியதால் வந்தது. நுரையீரலில் சுண்ணாம்புத் தண்ணீர் இருந்தது. ஆள் செத்தது மூழ்கித்தான்.

இரண்டு வாக்குமூலமும் பொய், குடிபோதையில் தவறி விழுந்திருக்கலாம் என்று ஜட்ஜ் இருவரையும் விடுதலை செய்தார். அண்ணனும் தங்கையும் ஒருவருக்காக ஒருவர் தூக்குமேடை ஏறத் துணிந்ததைப் பற்றி வக்கீல் கோர்ட்டில் உருகிப் பேசியிருந்தார். பச்சையப்பன்கூடக் கைக்குட்டையை எடுத்தார்.

வெளியே வந்து, காட்பாடிக்குப் போக ஜட்கா வரும்வரை மூவரும் ஒரு புங்கமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். அன்னம்மாள் தள்ளுவண்டியில் மசால்வடை வாங்கிவந்து இலையைப் பிரித்தாள்.

"எனக்காக உசுரையே குடுக்க வந்துட்டியே, அண்ணே" என்று சவுரியம்மாள் விசும்பினாள்.

"நீ செஞ்சதுல தப்பு இல்லம்மா. உன்னை அவன் அடிச்ச அடிக்கு நானே செஞ்சிருக்கணும்."

அவள் விசும்பலை நிறுத்தினாள். "நான் செஞ்சதா? நீதானே செஞ்ச. கிணத்தடில நீ ரத்தச் சட்டையை அலசறதைப் பாத்துட்டுத்தானே நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன்."

அது மண்டியிலிருந்து வந்த பச்சைத் தோலை வண்டியிலிருந்து இறக்கியபோது பட்ட ரத்தம் என்றான் அவன். அன்று அவள் ஈரப்புடவையோடு தொட்டிப் பக்கமிருந்து வந்ததைப் பார்த்துத்தான் அவன் முடிவு கட்டியிருந்தான். அழுது வீங்கிய முகத்தோடு வீட்டுக்குள் வர வெட்கப்பட்டு, அங்கே இருந்த குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன் என்றாள் அவள்.

"அப்ப நீ செய்யல?"

"இல்லண்ணே. நீயும் செய்யலியா?"

அவன் தலையை ஆட்டினான். பிறகு இருவரும் மெல்லத் தாயின் பக்கம் திரும்பினார்கள்.

அன்னம்மாள் வடையைப் பிட்டு ஆளுக்குப் பாதியாக இலையில் வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"அன்னிக்கே ஸ்டேஷன்ல சொன்னேன். அவருதான் எழுதிக்கல."